223 அமாவாசைகளின் பாதையில்

புதுக்கோட்டை

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. அம்மா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. மத்தியானச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துவிட்டு, மிச்சச் சோற்றிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, அம்மாவை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாராம் அப்பாயி. ஜன்னல் இடுக்கில் பழைய சேலையைச் சுருட்டிச் செருகியிருந்தார். அம்மாவுக்கு 22 வயது. நகத்தைக்கூடக் கிள்ளாமல், புரண்டும் படுக்காமல் அந்த இருட்டில் கிடந்தார். வயிற்றுக்குள் நான். மே மாதம் பிறந்தேன்.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தேன். அன்று அம்மா பார்க்காமல் விட்ட அந்தக் கிரகணத்துக்கு ஒரு வம்சம் உண்டு என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரியவந்தது. வானியலாளர்கள் அதற்கு 'சாரோஸ் 130' என்று எண் கொடுத்திருக்கிறார்கள். 18 ஆண்டு 11 நாளுக்கு ஒரு முறை, பூமியின் ஏதாவதொரு மூலையில், அதன் அடுத்த வாரிசு தலைகாட்டுகிறது. அந்த வம்சத்தின் மூத்த ஒருத்தி எங்கள் ஊருக்கே வந்து போயிருக்கிறாள் என்று படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

1871 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. ராமச்சந்திரத் தொண்டைமான் ஆண்ட காலம். சூரியன் எழுந்து அதிக நேரம் ஆகாத இளங்காலையில் சந்திரனின் முழு நிழல் புதுக்கோட்டை மேல் ஓடியது. அதைப் பார்க்க ரோமிலிருந்து லொரென்ஸோ ரெஸ்பிகி என்ற வானியலாளர் வந்திருந்தார். கண்ணால் கண்டதை வரைந்து வைக்க ஹென்றி ஹாலிடே என்ற ஆங்கில ஓவியர் உடன் வந்தார். ரெஸ்பிகி முப்பட்டகம் பொருத்திய தொலைநோக்கி வழியே பார்த்தபோது, கறுத்த சூரியனைச் சுற்றி வண்ண வண்ண வளையங்கள் தெரிந்தன. அதில் ஒன்று பச்சை. அந்தப் பச்சை எந்தப் பொருளின் ஒளி என்று விளங்க எழுபது ஆண்டு பிடித்தது. எட்லேன் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர்தான் அது இரும்பு என்று கண்டு சொன்னார். பத்து லட்சம் டிகிரி வெப்பத்தில், தன் எலக்ட்ரான்களில் பாதியை இழந்து நிற்கும் இரும்பு.

பல்லவன் குளக்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஊருக்கா? கிரகணம் பாக்கவா வந்தாங்க? அறுபது வருசமா இங்கயே இருக்கேன் தம்பி, ஒருத்தரும் சொன்னதில்லையே" என்றார். கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்மாளுக எல்லாம் அன்னைக்குக் கதவச் சாத்திருப்பாங்க" என்றார்.

அன்று நிழல் மேற்கிலிருந்து வந்தது. மலபார்க் கரையில் பேக்கலில் ஏறி, மானந்தவாடி, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம், திருகோணமலை என்று சில நிமிடங்களில் கடந்து போய்விட்டது. அந்தத் தடத்தை எதிர்த்திசையில் மேற்கு நோக்கிப் பிடித்துப் போவது, பிறகு வடக்கே திரும்பி 1980-ன் தடத்தைத் தொடுவது. இதுதான் என் திட்டம்.

அவிநாசி

டிசம்பர் 12 விடிகாலையில் அவிநாசியப்பர் கோயில் வாசலில் நின்றேன். எங்கள் பக்கத்துச் செம்மண்ணும் செம்புராங்கல்லும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஊரின் பரபரப்பு வேறு மாதிரி. பனியன் கம்பெனி வேன்கள் அந்த நேரத்துக்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் விரைந்துகொண்டிருந்தன.

1871-ல் மதராஸ் வான்நோக்கு நிலையத்தின் முகாம் இங்கேதான் இருந்தது. தலைவர் நார்மன் போக்சன். அவருடன் இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இளம் வயதில் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-ல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொது ஜனங்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளில் சிறு நூல் எழுதியவர். பழைய சூத்திரங்களை அப்படியே நம்பாமல், வானத்தைப் பார்த்துச் சரிசெய்த திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காகக் கடைசிவரை வாதாடினார். கண்ணால் பார், கணக்கோடு ஒப்பிடு என்பதுதான் அவருடைய கொள்கை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே நமக்கு அப்படி ஒருவர் இருந்திருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை. அவர் பெயரில் ஒரு தெருக்கூட என் கண்ணில் படவில்லை என்பதில் வருத்தம்.

கோயில் வாசலில் பூக்கட்டும் பாட்டியிடம் எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. "ஏனுங் கண்ணு, முழுங்குனதத் திருப்பிக் குடுக்குற ஊருங்க இது. முதலை கதை தெரியுமல்லங்க?" என்றார்.

தெரியும். குளத்தில் குளித்த சிறுவனை முதலை விழுங்கிவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து சுந்தரர் இந்த ஊருக்கு வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர் வீட்டில் அழுகை. அவர் பதிகம் பாட, முதலை கரைக்கு வந்து பிள்ளையை உமிழ்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் வெளியே வருகிறான். விழுங்கப்பட்டது திரும்பி வரும், அதுவும் வயது கூடி வரும் என்று சொல்லும் ஊரில் கிரகண முகாம் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் கணக்கு இதுதான். சூரியனின் பாதையும் சந்திரனின் பாதையும் வானத்தில் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. நம் பஞ்சாங்கத்தின் ராகுவும் கேதுவும் அந்த இரண்டு புள்ளிகளே. அமாவாசையன்று சந்திரன் அவற்றில் ஒன்றுக்கு அருகே இருந்தால் சூரிய கிரகணம். 223 அமாவாசை கழிய 6,585 நாளும் சுமார் 8 மணி நேரமும் ஆகும். அதே காலத்தில் சந்திரன் அதே வெட்டுப்புள்ளிக்கு 242 முறை வந்துவிடுகிறது; பூமிக்கு மிக அருகிலான இடத்துக்கு 239 முறை. மூன்று கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிவதால், போன கிரகணத்தின் அச்சாக அடுத்தது நிகழ்கிறது.

அந்த மிச்ச 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடும். அதனால் அடுத்த கிரகணம் உலகத்தின் மூன்றில் ஒரு பங்கு மேற்கே தள்ளி விழுகிறது. மூன்று சுற்று முடிந்தால், அதாவது 54 ஆண்டும் ஒரு மாதமும் கடந்தால், பழைய திசைக்கே திரும்பும். 'கிட்டத்தட்ட' என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சிறு பிசகுதான் வம்சத்துக்குப் பிறப்பும் இறப்பும் தருகிறது. ஒவ்வொரு முறையும் தடம் சற்றே நகர்கிறது. சாரோஸ் 130 தொடங்கியது 1096 ஆகஸ்ட் 20-ல், தென்துருவப் பக்கம், சூரியனின் ஓரத்தைக் கடித்த ஒரு சிறு கிரகணமாக. இங்கே அப்போது முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. முடியப்போவது 2394 அக்டோபர் 25-ல், வடதுருவப் பக்கம். மொத்தம் 73 கிரகணங்கள்.

இந்தப் பதினெட்டு ஆண்டுச் சுற்றை பாபிலோனியர் கண்டு வைத்திருந்தார்கள். நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். 1825-ல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடங்கும் நேரத்தில் பிழை நான்கே நிமிடம். இவ்வளவு துல்லியமாகக் கணிக்கத் தெரிந்த சமூகம், கணித்த நேரம் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டது ஏன்? இந்தக் கேள்வி பயணம் முழுக்க என்னோடு வந்தது.

பகல் சாப்பாடு திருப்பூர் நண்பரின் வீட்டில். அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். சாயங்காலம் தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை. "அக்கட்டால வெச்சுட்டுப் பேசறீங்களே, ஆறிப் போயிருமுங்க" என்று நண்பரின் தாயார் அதட்டும்வரை கிரகணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

சோலூர்

ஊட்டியிலிருந்து சோலூருக்குப் போகும் வழியில் புல்வெளியெல்லாம் வெள்ளை. உறைபனி. வெயில் பட்டதும் ஓரத்திலிருந்து பச்சை ஊறி வருவதைப் பார்த்துக்கொண்டே போனேன். புதுக்கோட்டையில் மார்கழிக் குளிருக்குத் துண்டு போதும். இங்கே இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் எலும்பு நடுங்கியது.

1871-ல் பியேர் ஜான்சென் தன் தொலைநோக்கியோடு வந்து தங்கிய ஊர் இது. பிரிட்டிஷ்காரர்களான டென்னன்டும் ஜான் ஹெர்ஷலும் தொட்டபெட்டாவின் உச்சியில் முகாம் போட்டார்கள். பிரெஞ்சுக்காரரான ஜான்சென் சோலூரைத் தேர்ந்தெடுத்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1868-ல் குண்டூருக்கு வந்து இன்னொரு வம்சத்தின் கிரகணத்தைப் பார்த்தவர். மறுநாளே, கிரகணம் இல்லாமலும் சூரியனின் விளிம்புச் சுவாலைகளைப் பார்க்கும் வழியைக் கண்டவர். 1870 டிசம்பரில் அல்ஜீரியாவில் ஒரு முழுக் கிரகணம் வந்தபோது பாரிஸ் நகரம் பிரஷ்யப் படைகளின் முற்றுகையில் இருந்தது. ஜான்சென் கருவிகளைக் கட்டிக்கொண்டு பலூனில் ஏறி, எதிரிகளின் தலைக்கு மேலாகப் பறந்து தப்பினார். அல்ஜீரியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அன்று மேகம் மூடிவிட்டது.

அடுத்த ஆண்டு அதே டிசம்பரில் நீலகிரி. இந்த முறை வானம் கைவிடவில்லை. சூரியனைச் சுற்றிய வெண்ணிற ஒளிவட்டத்தின் நிறமாலையில் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளைக் கண்டார். அப்படியானால் அந்த ஒளிவட்டத்தில் ஒரு பங்கு, ஏதோ ஒன்றின் மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி. விண்வெளித் தூசுதான் அது என்று பின்னால் தெளிவானது. பலூனில் உயிரைப் பணயம் வைத்தும் கிடைக்காதது, தேயிலையும் உருளைக்கிழங்கும் விளையும் இந்த மேட்டில் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

ஹட்டியில், அதாவது படுகர் குடியிருப்பில், ஒரு குடும்பம் என்னை வீட்டுக்குள் அழைத்து அடுப்பருகே உட்கார வைத்தது. ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வீட்டுப் பெண்கள் வெள்ளைத் துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள். சூடான ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. வீட்டுப் பெரியவருக்கு ஜான்சென் பெயர் புதிது. ஆனால் 2019 டிசம்பர் 26-ன் கங்கணக் கிரகணத்தை மறக்கவில்லை. "காலைல வெளிச்சம் மங்கிப் போச்சுங்க. குளிர் ஏறிடுச்சு. பேத்தி பள்ளிக்கூடத்துல கண்ணாடி குடுத்தாங்க, அதுல பாத்தேன். நெருப்பு வளையல் மாதிரி இருந்துச்சு" என்றார். கையால் வட்டம் போட்டுக் காட்டினார்.

அது சாரோஸ் 132, வேறு குடும்பம். ஆனால் ஆச்சரியமாக, 1871-ன் அதே தெரு வழியாக வந்தது: காசர்கோடு, வயநாடு, ஊட்டி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம். பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கல்லூரியில் படிக்கிறாள். "எங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் பாத்தோம் அண்ணா. அம்மா மட்டும் வீட்டுக்குள்ள இருந்தாங்க. தம்பி வயித்துல இருந்தான்" என்றாள். அடுப்பங்கரையில் நின்ற அந்தத் தாய் தலையைக் குனிந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1980-க்கும் 2019-க்கும் இடையே நாற்பது ஆண்டு. அந்த அறைக் கதவு மட்டும் திறக்கவே இல்லை.

பேக்கல்

வயநாட்டில் இறங்காமல் கடந்தேன். அரபிக்கடலைப் பார்த்ததும் குளிர் உடம்பைவிட்டு ஒரேயடியாகப் போனது. 'பம்பாய்' படத்தில் மழையில் நனைந்த பேக்கல் கோட்டையை நம்மவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிவப்ப நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது என்பார்கள். உள்ளே அரண்மனை இல்லை, ஆடம்பரம் இல்லை. செம்புராங்கல் மதிலும் புல்லும் கடலும்தான். எங்கள் ஊர்க் கல்லை இங்கே கடற்காற்றில் பார்த்தபோது நெருங்கிய சொந்தத்தைப் பார்த்ததுபோல இருந்தது.

1871-ல் நார்மன் லாக்யர் இங்கே கருவிகளை நிறுத்தினார். 'நேச்சர்' இதழை நிறுவியவர், ஹீலியத்துக்குப் பெயர் சூட்டியவர். கிரகண நேரத்தில் ஊர் மக்கள் வெளியே தீ மூட்ட, புகை எழுந்து காட்சியை மறைக்கப் பார்த்தது. போலீஸார் ஓடி அதை அணைத்தார்கள். அந்த மக்களை நான் ஏளனமாக நினைக்கவில்லை. சூரியனுக்கு ஆபத்து என்று நம்பினார்கள், தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். விளக்கிச் சொல்ல ஒருவரும் போகவில்லை. தவறு அங்கேதான்.

கோட்டைக்கு வெளியே ஒரு சின்ன ஓட்டலில் கல்லுமக்காய் வறுவலும் பத்திரியும் சாப்பிட்டேன். கடைக்கார இக்கா நான் தமிழ்நாடு என்றதும் இன்னும் இரண்டு கல்லுமக்காயைத் தட்டில் தள்ளினார்.

அங்கோலா

கொங்கண் ரயிலில் வடக்கே. ஷராவதிப் பாலத்தைக் கடக்கும்போது 1871-க்கும் 1980-க்கும் நடுவே இந்த வம்சம் எங்கெல்லாம் அலைந்தது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். 1889-ல் பிரெஞ்சு கயானாவின் சாலூ தீவுகள்: ஸ்டீபன் பெரி என்ற பாதிரியார் வயிற்றுக் கடுப்பால் துடித்துக்கொண்டே கிரகணத்தைப் படமெடுத்து முடித்தார், ஐந்தாம் நாள் இறந்தார். 1908-ல் பசிபிக்கின் ஃபிளின்ட் தீவு. 1926-ல் சுமத்ராவின் பெங்கூலு. 1944-ல் பெரு, பிரேசில். 1962 பிப்ரவரி 5-ல் நியூகினி. இந்தக் கடைசித் தேதி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அஷ்டகிரகச் சேர்க்கை, உலகம் அழியப்போகிறது என்று நாடே யாகம் வளர்த்த நாள் அது. உலகம் அழியவில்லை. நியூகினியில் இரண்டு மூன்று நிமிடம் இருட்டி வெளுத்தது.

அங்கோலாவில் 1980-ன் நிழல் கரையேறியது. கடற்கரையில் அரை மணி நேரம் நின்றேன். வலை காயப்போட்டிருந்தவர்கள் என்னைப் பார்த்து "ஊட்டா ஆய்தா?" என்று விசாரித்தார்கள். முன்பின் தெரியாத ஆளிடம் முதல் கேள்வியே சாப்பிட்டாயா என்பது. நம் ஊரும் அப்படித்தான்.

ஜவளகேரா

மலையேறி, எல்லாப்பூர் காட்டைத் தாண்டி, ஹுப்பள்ளி, கதக் என்று கிழக்கே போகப் போக மண் கறுத்து, மரம் குறைந்து, வானம் அகன்றது. ராய்ச்சூர் மாவட்டத்தில் சிந்தனூரை அடுத்த இந்தச் சிற்றூரில் 1980-ல் இந்திய வானியற்பியல் நிறுவனம் முகாம் போட்டது. வைணு பாப்பு இயக்குநராக இருந்த காலம். இன்னொரு முகாம் ஹுப்பள்ளிப் பக்கம். ஹைதராபாத்தை அடுத்த ஜபல்-ரங்காபூரிலும் பாலேமிலும் வெளிநாட்டுக் குழுக்கள் இருந்தன.

துங்கபத்திரை வாய்க்கால் இப்போது இந்தப் பக்கத்தை நெல் வயலாக்கியிருக்கிறது. டீக்கடையில் அறுபதை நெருங்கும் விவசாயி ஒருவர் கிடைத்தார். 1980-ல் பன்னிரண்டு வயது. பெங்களூரில் கட்டட வேலை செய்தபோது கற்ற தமிழ் அவருக்கு இருந்தது. என் கன்னடத்தைவிட அது நன்றாகவே இருந்தது.

"களத்துல ஜோளம் அடிச்சிட்டிருந்தோம். மூணரை மணி தாண்டியிருக்கும். அப்பா எல்லாத்தையும் போட்டுட்டு வீட்டுக்குள்ள போய்ட்டார். நான் மாட்டு வண்டிக்கு அடியில ஒளிஞ்சிட்டேன். மேற்கே இருந்து இருட்டு ஓடி வந்துச்சு சார். மழை வர்ற மாதிரி இல்ல. சத்தமே இல்லாம வந்துச்சு. வெளியே தலையை நீட்டிப் பாத்தேன். சூரியன் கறுப்பு. சுத்தியும் சேவந்திகெப் பூ. உச்சியில ஒரு நட்சத்திரம்."

சேவந்திகெ நம் சாமந்தி. நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. 1980-ல் சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்தன. அப்படிப்பட்ட காலங்களில் ஒளிவட்டம் ஒரு பக்கமாக நீளாமல் சாமந்தி இதழ்போல எல்லாப் பக்கமும் விரியும். உச்சியில் தெரிந்தது வெள்ளிக் கிரகம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர், ஒரே ஒரு முறை, இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பார்த்ததை நாற்பத்தைந்து ஆண்டு கழித்துப் பிசகில்லாமல் சொல்கிறார்.

"முகாம்ல தமிழ் பேசுறவங்க இருந்தாங்க. மறுநாள் போனப்ப ஒருத்தர் என்னைத் தூக்கி டெலஸ்கோப் காமிச்சார். ஏன் பயந்து ஒளிஞ்சேன்னு கேட்டார். பயந்தேன், ஆனா பாத்தேன்னு சொன்னேன்" என்றார். பிறகு மெதுவாக, "எங்க அம்மா பாக்கல. அக்கா பாக்கல. அக்காவுக்கு அப்போ ஏழு மாசம்" என்றார்.

அக்காவுக்குப் பிறந்த பிள்ளை என்ன ஆனான் என்று கேட்டேன். எனக்கு ஒரு மாதம் மூத்தவன். பல்லாரியில் லாரி ஓட்டுகிறான், நன்றாக இருக்கிறான்.

அவர் வீட்டில் சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைப் பொடி, தயிர். ரொட்டியைத் தட்டும் சத்தம் தாளம்போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. வாசலில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் செய்தேன். அன்று நீ படுத்திருந்த அதே நேரம், இங்கே ஒரு பையன் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்திருக்கிறான் என்றேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. "எப்படி இருந்துச்சாம்?" என்றார். சாமந்திப் பூ மாதிரி என்றேன். "அடுத்து எப்ப வருது?" என்றார்.

1980-உடன் 54 ஆண்டும் ஒரு மாதமும் கூட்டினால் 2034 மார்ச் 20, திங்கட்கிழமை. நைஜீரியா, எகிப்து, சவூதி, ஈரான் வழியாக வந்து, மாலை வேளையில் லடாக்கின் கார்கிலைத் தொடும். 1871-ல் புதுக்கோட்டை, 1980-ல் ஜவளகேரா, 2034-ல் கார்கில். வடக்கே வடக்கே ஏறிக்கொண்டிருக்கிறது இந்த வம்சம். அம்மாவுக்கு அப்போது 76 வயதாகும். அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உங்கள் ஊருக்கு எந்த வம்சத்தின் கிரகணம் வந்தாலும், முறையான கிரகணக் கண்ணாடி இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்றை, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், முதலில் அவள் கையில் கொடுங்கள்.